தரவுப் பாதுகாப்புச் சட்டம் யாருடைய மேசையில்?

வங்கிக் கணக்குடன் ஆதார் எண்ணை இணைத்திருக்கும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கவனித்திராத நிகழ்வு ஒன்று 2015 செப்டம்பர் 12 அன்று நடந்தது. அந்த எண்ணை வழங்கும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் அன்று ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறியது. 2009 ஜனவரியில் திட்டக் குழுவின் இணைப்பு அலுவலகமாகத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறையுடன் இணைக்கப்பட்டது. எவருடைய பன்னிரண்டு இலக்க எண்ணும் மாறவில்லை. எவரும் மறுபடி கைரேகை பதிக்க வேண்டியிருக்கவில்லை. அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் என்று ஒரு தொகுப்பு உண்டு. அதில் சில வரிகள் திருத்தப்பட்டன, அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் அதற்கென ஒரு மசோதாவும் கொண்டுவரப்படவில்லை; அதற்குத் தேவையும் இல்லை.

அதே செப்டம்பர் மாதத்தில் பிரிட்டனிலும் இதைப் போன்ற மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அந்நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதுவரை நீதி அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. அது பண்பாடு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கான அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கலைக்கூடங்களையும் கால்பந்தாட்டத்தையும் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அமைச்சர், குடிமக்களின் அந்தரங்கத் தரவுகளுக்கும் பொறுப்பாளர் ஆனார்.

நமது பெயர், முகவரி, கணக்கு விவரம், கடன் வரலாறு ஆகியவற்றைக் காக்கும் சட்டம் இவ்வாறு ஓர் அமைச்சரிடமிருந்து மற்றோர் அமைச்சரிடம் செல்லும்போது உண்மையில் இடம்பெயர்வது எது? அசையாமல் நிற்பது எது? இது சட்டம் பயில்வோருக்கு மட்டும் உரிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவரது தரவை அவரது இசைவின்றி யார் பார்க்கலாம், அதைத் தவறவிட்ட நிறுவனத்தை யார் விசாரிப்பார் என்பவற்றின் விடை பெரும்பாலும் இதனுள்தான் அடங்கியிருக்கிறது.

சட்டத்தில் அமைச்சரின் பெயர் இருப்பதில்லை

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் அளித்தார். அதைப் புரட்டிப் பார்த்தால் இந்த அமைச்சர், இந்தத் துறை என்று அதிகாரம் யாருக்கும் பெயர் குறித்து அளிக்கப்பட்டிருக்காது. விதிகளை வகுப்பது 'மத்திய அரசு'. வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது 'மத்திய அரசு'. அரசின் ஓர் அமைப்புக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பதும் 'மத்திய அரசு'.

அந்தச் சொல் எவரைக் குறிக்கிறது என்பதைச் சொல்வது 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நிறைவேற்றப்பட்ட மத்தியச் சட்டங்களில், மத்திய அரசு என்றால் குடியரசுத் தலைவர் என்று அது பொருள் கூறுகிறது. குடியரசுத் தலைவர் ஒவ்வொரு கோப்பையும் தாமே பார்ப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 77ஆம் உறுப்பு, அரசின் அலுவல்களை அமைச்சர்களுக்குப் பிரித்து ஒதுக்குவதற்கான விதிகளை அவர் வகுக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு 1961 ஜனவரி 14 அன்று வகுக்கப்பட்டவையே முன்னர் குறிப்பிட்ட அலுவல் ஒதுக்கீட்டு விதிகள். அவற்றின் முதல் அட்டவணையில் அமைச்சகங்கள், துறைகள் ஆகியவற்றின் பட்டியல் இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு துறைக்கும் உரிய பொருள்கள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. ஒரு பொருளை ஒரு துறையின் பட்டியலிலிருந்து நீக்கி இன்னொன்றில் சேர்த்தால், அதற்குப் பொறுப்பான அமைச்சரும் மாறிவிடுவார்.

2016 ஜூலையில் நடந்ததும் இதுவே. அதுவரை தொலைத்தொடர்பு, அஞ்சல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. அந்த மாதம் அது இரண்டாகப் பிரிந்தது. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பம் தனி அமைச்சகமானது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதனுடன் சென்றது. அச்சட்டத்தில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. அதன் கீழ் 2011இல் வெளியான, நிறுவனங்கள் கடவுச்சொல், நிதி விவரம் போன்ற நுண்ணிய தனிநபர் தகவல்களைக் காக்க வேண்டிய முறை பற்றிய விதிகளும் அப்படியே தொடர்ந்தன. துறையின் பெயர்ப்பலகை மாறியதால் எந்த விதியும் காலாவதி ஆகவில்லை.

ஓர் அமைச்சரோ அவரது துறை அதிகாரியோ அலுவல் விதிகளின்படி எடுக்கும் முடிவு, சட்டத்தின் பார்வையில் அரசின் முடிவே ஆகும். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த நிலையைத் தெளிவாக்கியது. ஆகவே, முந்தைய அமைச்சர் காலத்தில் பிறந்த உத்தரவைப் பின்னவர் வந்தார் என்பதைக் காட்டி எவரும் தள்ளிவிட இயலாது.

பிரிட்டனின் நாற்பது ஆண்டு அனுபவம்

சட்டம் மாறாது என்றால் பொறுப்பு யாரிடம் இருந்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். இதற்கு விடை தேட நமது நாட்டின் அனுபவம் போதாது; நம் சட்டம் மிக இளையது. பிரிட்டனில் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1984இல் வந்தது. அன்று முதல் அது கைமாறியபடியே இருக்கிறது.

முதலில் அது உள்துறையிடம் இருந்தது. 2001 பொதுத் தேர்தலுக்குப் பின் லார்டு சான்சலரின் துறைக்குச் சென்றது. அத்துறை 2003இல் அரசமைப்பு விவகாரங்களுக்கான துறையாக உருமாறியது. 2007 மே மாதத்தில் அதிலிருந்து நீதி அமைச்சகம் உருவானது. 2015இல் பண்பாட்டு அமைச்சகம் அதை ஏற்றது. 2023 பிப்ரவரி 7 அன்று புதிதாக அமைக்கப்பட்ட அறிவியல், புத்தாக்கம், தொழில்நுட்ப அமைச்சகத்தை அது சென்றடைந்தது. காவல், நீதி, பண்பாடு, தொழில்நுட்பம் என்று இத்தனை வேறுபட்ட வீடுகளில் குடியிருந்த சட்டங்கள் சிலவே இருக்கும்.

சட்டநூலின் வாசகம் இதில் பட்ட பாடு சுவையானது. பிரிட்டனின் சட்டங்களில் அதிகாரம் வழக்கமாக 'அரசுச் செயலர்' என்ற பதவிக்கு அளிக்கப்படும். பெயரைக் கண்டு அவரை அதிகாரி என்று எண்ணிவிடக் கூடாது, அவர் அமைச்சர். விடுதலைக்கு முந்தைய நம் நாளிதழ்கள் 'இந்தியா மந்திரி' என்று எழுதியதும் இந்தப் பதவியில் இருந்தவர்களுள் ஒருவரைத்தான். இவர்கள் ஒரே நேரத்தில் பலர் இருப்பர். எனினும் சட்டத்தின் கண்ணில் பதவி ஒன்றே. அவர்களில் எவரும் அந்த அதிகாரத்தைச் செலுத்தலாம். எனவே அவர்களுக்குள் பொறுப்பு மாறினால் சட்ட வாசகத்தைத் தொட வேண்டியதில்லை. லார்டு சான்சலர் பதவியோ வேறு. அதனால் 2001இல், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'அரசுச் செயலர்' என்ற சொல் இருந்த இடங்களில் 'லார்டு சான்சலர்' என்று மாற்றி ஆணை பிறப்பிக்கப்பட்டது. 2003இல் மற்றோர் ஆணை வந்து, மீண்டும் 'அரசுச் செயலர்' என்றே ஆக்கியது. இரண்டே ஆண்டுகளில் சொல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இத்தகைய ஆணைகளுக்கு அடிப்படை 1975ஆம் ஆண்டின் அமைச்சர்கள் பற்றிய சட்டம். அதிகாரத்துடன் அதனோடு தொடர்புடைய சொத்து, உரிமை, கடப்பாடு ஆகியவற்றையும் புதியவருக்கு மாற்ற அது வழி செய்கிறது. நடந்துகொண்டிருக்கும் வேலை நடுவில் அறுந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

வாசகம் மாறாவிட்டாலும் சட்டம் வளரும் திசை மாறுகிறது என்பதே இந்த வரலாற்றில் நாம் காண வேண்டியது. உள்துறை என்பது காவல்துறையைக் கவனிக்கும் அமைச்சகம். குடிமக்களைப் பற்றிய தகவல்களை மிகுதியாகத் திரட்ட விரும்பும் துறைகளில் அதுவும் ஒன்று. 2006இல் தேசிய அடையாள அட்டைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே உள்துறைதான். அதற்கு முன்பே தரவுப் பாதுகாப்பு வேறு கைக்குச் சென்றிருந்தது. தகவலைத் திரட்டுபவரிடமே அதன் காவலையும் விட்டுவைக்காதது நல்ல முடிவு என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

அடுத்த நிகழ்ச்சி வங்கி வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. 2007 அக்டோபரில், பிரிட்டனின் வருவாய் மற்றும் சுங்கத் துறையிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு குறுந்தகடுகள் வழியில் காணாமற்போயின. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரம் அவற்றில் இருந்தது. ஏறத்தாழ 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றுடன் வங்கிக் கணக்கு விவரங்களும் இருந்தன. அத்துறையின் தலைவர் பதவி விலகினார். ஆனால் அன்றைய சட்டத்தின்படி தகவல் ஆணையர் அத்தகைய தவறுக்குத் தாமே அபராதம் விதிக்க இயலாது. அந்தக் குறையை நீக்கியது 2008ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் குடியேற்றச் சட்டம். அதன் வழியே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது; 2010 முதல் 5 லட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையருக்குக் கிடைத்தது. குற்றவியல் நீதி மசோதாவில் தரவுப் பாதுகாப்பு எப்படி நுழைந்தது? இரண்டும் அப்போது நீதி அமைச்சகத்தின் மேசையில் இருந்தன. ஒரு மேசையில் இருக்கும் மசோதாவில்தான் அந்த மேசையின் பிற தேவைகளும் ஏறிக்கொள்ளும்.

2015க்குப் பிறகு நிலைமை வேறானது. பண்பாட்டு அமைச்சகம் அப்போதே இணையப் பொருளாதாரத்தையும் வளர்க்கும் பொறுப்பில் இருந்தது. 2017இல் தன் பெயரிலேயே 'டிஜிட்டல்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. 2018இன் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றதும் அதுவே. அதன் வாரிசான தொழில்நுட்ப அமைச்சகத்தின் காலத்தில் 2025 ஜூன் மாதம் நிறைவேறிய சட்டத்துக்குப் பெயரே 'தரவு: பயன்பாடும் அணுகலும்' என்ற பொருள்பட அமைந்தது. பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இல்லை. பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆயினும் நீதி அமைச்சகம் அதே சட்டத்தை எழுதியிருந்தால் அந்தப் பெயரைச் சூட்டியிருக்குமா என்ற ஐயம் எழாமல் இல்லை. தரவை ஒரு துறை உரிமையாகப் பார்க்கும். இன்னொரு துறை இடராகப் பார்க்கும். வேறொரு துறை மூலப்பொருளாகப் பார்க்கும்.

ஒரே மரத்தின் இரு கிளைகள்

2015இல் பிரிட்டன் இன்னொன்றும் செய்தது. தகவல் அறியும் சுதந்திரம் பற்றிய சட்டம் அதுவரை தரவுப் பாதுகாப்புடன் ஒரே அமைச்சகத்தில் இருந்தது. அதை எடுத்து அமைச்சரவை அலுவலகத்திடம் தந்தார்கள். இரண்டு சட்டங்களையும் கண்காணித்த தகவல் ஆணையர் ஒருவரே. அவர் அதன் பின் இரு துறைகளின் கொள்கைகளுக்கு நடுவில் நிற்க வேண்டியவர் ஆனார். அரசிடமுள்ள தகவலை மக்கள் பெறுவதும், மக்களிடமிருந்து அரசு பெற்ற தகவலைக் காப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒன்றை நீட்டினால் மற்றொன்றின் மீது நிழல் விழும். இரண்டையும் ஒருவர் பார்த்தால் அந்த நிழலின் அளவை அவர் அறிவார்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வெறும் ஒப்பீட்டுக்கு உரியதன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியுரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றும் முயற்சி பணியாளர் மற்றும் பயிற்சித் துறையிடம் இருந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கும் அத்துறையே பொறுப்பு. அந்த வரைவுகள் சட்டமாகவில்லை. பின்னர் 2017 ஜூலை 31 அன்று நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் குழுவை அமைத்தது மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பின், ஆகஸ்ட் 24 அன்று. அது முதல் 2019இன் மசோதா, 2022 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றது, 2023இன் சட்டம் என அனைத்தும் ஒரே அமைச்சகத்தின் வேலையாகவே இருந்து வருகின்றன.

இதன் விளைவைச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் காணலாம். அதன் மூன்றாம் உட்பிரிவு, வேறொரு துறையின் பொறுப்பிலுள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. முன்பு அச்சட்டத்தின் 8(1)(ஞ) என்று நாம் குறிக்கும் விலக்கு நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. பொது நடவடிக்கையுடன் தொடர்பில்லாத, அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலையே மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். திருத்தத்துக்குப் பின் தனிநபர் சார்ந்த தகவல் என்பதே மறுப்பதற்குப் போதுமான காரணம். பொதுநலன் பாதிப்பைவிட மிகுந்தால் வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அது உண்மையே. ஆனால் நியாயப்படுத்தும் சுமை யார் தோளில் விழுகிறது என்பது மாறிவிட்டது. முன்பு மறுக்கும் அலுவலர் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இனிக் கேட்பவர் பொதுநலனை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். இரு சட்டங்களும் ஒரே துறையில் இருந்திருந்தால் இந்தப் பிரிவு இதே வடிவில் எழுதப்பட்டிருக்குமா என்பது வாசகர் சிந்தனைக்கு உரியது.

அமைச்சரைவிட முக்கியமானவர்

மேற்கண்டவற்றிலிருந்து, எந்த அமைச்சரிடம் சட்டம் இருந்தால் நல்லது என்ற தேடல் பிறக்கலாம். அது அவ்வளவு பயன் தராது. எந்தத் துறைக்கும் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வு தீர்ப்புச் சொல்பவரைத் தொடாதபடி சட்டம் வேலி கட்டியிருக்கிறதா என்பதே பார்க்கத்தக்கது. பொறுப்பு எங்கே போனாலும் விசாரிப்பவர் அசையாமல் இருந்தால் பொதுமக்களுக்கு இழப்பில்லை.

பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்தபடி தகவல் ஆணையரை மன்னர் நியமிப்பார். தகுதி அடிப்படையிலான திறந்த போட்டியில் தேர்வு நடைபெற வேண்டும். பதவிக்காலம் ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாது, மறுநியமனம் கிடையாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கோரினாலன்றி அவரை நீக்க முடியாது. மறுநியமனம் இல்லை என்பதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்த முறையும் பதவி கிடைக்குமா என்று எண்ண வேண்டிய தேவை இல்லாதவர், யாருடைய முகத்தையும் பார்த்துத் தீர்ப்பு எழுத மாட்டார்.

ஐரோப்பிய நீதிமன்றம் இதில் இன்னும் கண்டிப்பானது. ஆஸ்திரியாவில் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அலுவலகம், நாட்டின் தலைமை அமைச்சரது அலுவலகத்தின் ஒரு பகுதியாக இயங்கியது. ஆணையத்தின் பணிகள் பற்றி எந்நேரமும் தகவல் கேட்கும் உரிமையும் தலைமை அமைச்சருக்கு இருந்தது. ஆணையத்தின் முடிவுகளில் அவர் தலையிட்டார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. இருந்தும் 2012 அக்டோபரில் அந்த ஏற்பாடே முழுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் சட்டத்தில் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் சுதந்திரமான அமைப்பாகச் செயல்பட வேண்டும் என்று 28ஆம் பிரிவு கூறுகிறது. அது வரவேற்கத்தக்கது. அதே சட்டம் தலைவர், உறுப்பினர் ஆகியோரின் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டுகள் என்று வரையறுக்கிறது, மறுநியமனத்துக்கு இடமளிக்கிறது. வாரியத்திடமிருந்து எந்தத் தகவலையும் சட்டத்தின் நோக்கங்களுக்காகக் கேட்டுப் பெற 36ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நியமன முறை எவ்வாறு சுருங்கியது என்பதையும் காண வேண்டும். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவில், தேர்வுக் குழுவுக்குத் தலைவர் இந்தியத் தலைமை நீதிபதி, அல்லது அவர் நியமிக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதி. 2019 மசோதாவில் அந்த இடம் அமைச்சரவைச் செயலருக்குச் சென்றது. நீதித்துறையினர் எவரும் இல்லை. 2025 விதிகளின்படி வாரியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அமைச்சரவைச் செயலர் தலைமை. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் செயலரே தலைமை. குழுக்களில் வல்லுநர் இருவருக்கும் இடமுண்டு. ஆனால் இனி அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் பொறுப்பு வேறு துறைக்கு மாறினால் அது அமைச்சரோடு நில்லாது. வாரியத்தில் அமர்பவரைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலி வரை நீளும். பிரிட்டனின் மாற்றங்களுக்கும் நம் நாட்டில் வரக்கூடிய மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வாரியத்தின் முடிவில் குறை இருப்பின் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்வு மற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பது ஆறுதல். அமைச்சகம் எதுவாயினும் அந்த வழி அடைபடாது.

வாடிக்கையாளரின் தரவு எத்தனை மேசைகளில்?

வங்கியில் உள்ள தரவு ஒரே அமைச்சரின் எல்லைக்குள் அடங்குவதில்லை. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடாதிருக்கும் கடமை, பொதுத்துறை வங்கிகளுக்கு அவற்றை நிறுவிய சட்டங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். 1969இல் நாட்டுடைமையான வங்கிகளுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம். இவை நிதி அமைச்சகம் சார்ந்தவை. கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டம் உண்டு. அவற்றைக் கண்காணிப்பது ரிசர்வ் வங்கி. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ஆணையிட்டதும் ரிசர்வ் வங்கிதான். ஆதார் விவரமோ தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் எல்லையில் உள்ளது. புதிய தரவுச் சட்டம் இவற்றை அகற்றுவதில்லை. இவற்றுடன் சேர்ந்து இயங்கும். முரண்பாடு எழுமானால், முரண்படும் அளவுக்குப் புதிய சட்டமே மேலோங்கும் என்று 38ஆம் பிரிவு கூறுகிறது.

இவற்றில் எந்தப் பொறுப்பு எந்தத் துறைக்கு மாறினாலும் வாடிக்கையாளர் புதிதாகச் செய்ய வேண்டியது ஏதுமில்லை. முன்பு அளித்த இசைவு செல்லும். அதைத் திரும்பப் பெறும் உரிமையும் அவரிடமே இருக்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமைச்சகம் மாறியது, சட்டம் மாறியது, ஆகவே கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று தொலைபேசியில் அழைப்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரரே. துறை மாற்றத்துக்காக ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரும் கேட்பதில்லை.

விண்ணப்பம் அனுப்பும் முகவரி மாறலாம். விதிகளின் வரைவு வெளியாகும்போது கருத்துக் கூற விரும்புவோர் அப்போது பொறுப்பிலுள்ள அமைச்சகத்துக்கே எழுத வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கேள்வி எழுப்புவதானாலும் அது அந்த அமைச்சருக்கே செல்லும். பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அமைச்சரவைச் செயலகம் வெளியிடும் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

குறை ஏற்பட்டால் செல்ல வேண்டிய வரிசை சட்டத்திலேயே உள்ளது. முதலில் தரவைக் கையாளும் நிறுவனத்திடம், அதாவது வங்கியிடமோ செயலி நிறுவனத்திடமோ முறையிட வேண்டும். அந்தப் படியைத் தாண்டிய பிறகே வாரியத்தை அணுக முடியும். தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறி, அதனால் தரவு கசிந்தால் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கப்படலாம். கசிவை உரியவருக்கும் வாரியத்துக்கும் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை. பொய்யான அல்லது அற்பமான புகாரைப் பதிவு செய்யும் தனிநபருக்கும் 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த உரிமைகள் அனைத்தும் உடனே கைக்கு வந்துவிடவில்லை. 2025 நவம்பரில் விதிகளுடன் வெளியான அறிவிக்கை சட்டத்தை மூன்று கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. வாரியத்தை அமைப்பதற்கான பிரிவுகளும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் திருத்தமும் உடனடியாக அமலாயின. இசைவை நிர்வகிக்கும் இடைநிலை நிறுவனங்கள் பற்றியவை ஓராண்டுக்குப் பின் வரும். இசைவு, கசிவு அறிவிப்பு, திருத்தம் கோரும் உரிமை, தமக்குப் பின் அவ்வுரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமை முதலியவை 18 மாதங்களுக்குப் பின், 2027 மே மாதத்தில் நடைமுறையாகும். அப்போது வங்கி இசைவு கேட்டு அனுப்பும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழி எதிலுமோ பெறலாம். அதைத் தமிழில் கேட்டு, தமிழில் படித்த பின்னரே கையொப்பமிடலாம்.